காஹாங் பார்சல்

ஷாமளாவுக்குத் தன் மூளையைப் பற்றி எப்போதும் கொஞ்சம் பெருமை உண்டு. அதைத் தப்பென்று சொல்ல முடியாது. மூளை இருக்கத்தான் செய்தது. மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் அவள் வடிவமைப்பாளர். காகிதங்களைக் கைப்பேசியில் படம் பிடித்து அடுக்கி வைக்கும் செயலி ஒன்றை அந்த நிறுவனம் செய்துகொண்டிருந்தது. படம் பிடித்தால் போதும். அது என்ன காகிதம், யாருடையது, எதற்கானது என்று செயலியே புரிந்துகொண்டு கோப்புக்குப் பெயர் வைத்துவிடும். அந்தப் பெயர் வைக்கும் வித்தை முழுக்க முழுக்க ஷாமளாவின் யோசனை.

யோசனை வந்த இடம் மருத்துவமனை. அவள் கணவன் மூர்த்தியின் அக்கா பிரேமலா, காஹாங் என்ற சிற்றூரில், எண்ணெய்ப் பனையான செம்பனையின் நாற்றங்கால் ஒன்றில் வேலை பார்ப்பவள், கல்யாணம் ஆகாதவள். சர்க்கரை நோய் அவள் கண்ணில் இறங்கிவிட்டது. மாதம் ஒரு முறை ஜொகூர் பாருவுக்கு வந்து கண்ணுக்குள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஊசியை விட்டால் பார்வை போகும் என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். சின்ன எழுத்தெல்லாம் அவளுக்கு ஏற்கெனவே போய்விட்டது. கைப்பேசியைத் தொட்டால் அது வாய்விட்டுப் படிக்கும்படி மூர்த்தி செய்து கொடுத்திருந்தான். ஒரு நாள் முகப்பில் தாதி பழைய கடிதத்தைக் கேட்க, பிரேமலா கைப்பேசியைத் தடவிக்கொண்டே நின்றாள். அது கோப்புகளின் பெயரை, நாலு நம்பர் லாட்டரிக் குலுக்கல் முடிவைப் படிப்பதுபோல் வெறும் எண்களாகப் படித்துத் தள்ளியது. பின்னால் வரிசை முணுமுணுத்தது. பக்கத்தில் நின்ற ஷாமளாவுக்கு அப்போதுதான் பளிச்சென்றது, கோப்புக்கு மனுஷப் பெயர் இருந்தால் என்ன என்று.

செய்தும் காட்டினாள். பிரேமலாவின் காகிதங்களை ஷாமளா தன் கைப்பேசியில் படம் பிடிப்பாள். இருவருக்கும் பொதுவான ஒரு கோப்புறையில் அவை போய்ச் சேரும். செயலி காகிதத்தைப் படித்து, ‘பிரேமலா, கண் ஊசி, மே’ என்று பெயர் வைக்கும். முதன்முதலில் அதைக் கேட்டபோது பிரேமலா சின்னப் பிள்ளைபோல் கையைத் தட்டினாள்.

“அலமாக், என் பேரைச் சொல்லுது ஷாமளா! இன்னொரு தடவ அமுக்கு, கேப்போம்.”

அந்தக் கதையை ஷாமளா அலுவலகக் கூட்டங்களில் எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று கேட்காதீர்கள். சொன்ன ஒவ்வொரு முறையும் கைதட்டல் வாங்கினாள். பிரேமலாவுக்கு அது தெரியாது.

இரண்டாம் பதிப்பில்தான் அவள் மூளை இன்னும் கொஞ்சம் வேலை செய்தது. அடையாள அட்டையில் இருக்கிற பெயரை யார் சொல்கிறார்கள்? நம் குடும்பங்களில் உறவுக்காரர்களை ஊரை வைத்துத்தானே கூப்பிடுகிறோம்! பெக்கான் நானாஸ் மாமா, பாசிர் கூடாங் சித்தப்பா. மாமாவின் முழுப் பெயரைக் கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். ஆகவே செயலி நம் கைப்பேசி உரையாடல்களைப் பார்க்கட்டும், நாள்காட்டியைப் பார்க்கட்டும். நாம் ஒருவரை எப்படிச் சொல்கிறோமோ அப்படியே அதுவும் சொல்லட்டும். வெளிநாட்டுக்காரன் எவனுக்கும் இது தோன்றாது என்று நிறுவனத்தின் தலைவர் விஜயன் மேசையைத் தட்டினார்.

நிரல் எழுதுகிற காளிதாஸ் மட்டும் ஒரு கேள்வி கேட்டான். “மத்தவங்களோட பகிர்ந்துக்கிற ஃபைலுக்கும் அதே பேர்தானா? நாம வைக்கிற பேரு அவங்களுக்கும் போவுமே.”

“ஒரு ஃபைலுக்கு ஒரு பேர்தான் காளி. ஆளுக்கொரு பேர் வச்சா யாருக்கும் ஒண்ணும் புரியாது,” என்றாள் ஷாமளா. அவள் குரலில் இருந்த உறுதியைக் கேட்டு அவன் அடங்கிவிட்டான்.

இனி ஷாமளா பிரேமலாவை எப்படிச் சொல்வாள் என்பதையும் சொல்லியாக வேண்டும். சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நேரில் “அண்ணி” என்பாள், “வாங்க, போங்க” என்பாள், அதில் ஒரு குறையும் வைக்க மாட்டாள். ஆனால் ஷாமளாவுக்கு லோஷினி என்று ஒரு தங்கை உண்டு. சிங்கப்பூரில் வேலை. இவர்களுடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு ரயில்வே உத்தியோகத்துக்கு வந்தவர், அப்பா அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் போய் விழுந்துவிட்டாள் என்று லோஷினிக்கு ஒரு இளப்பம். மூர்த்தி நல்லவன், அவன்மேல் குறை சொல்ல ஷாமளாவுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் தங்கை சிரிக்கிற பக்கம் தானும் நின்றுகொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஒரு ஆசை. மாதா மாதம் மூர்த்தி பேருந்து நிலையத்துக்குப் போய் அக்காவை அழைத்துவருவதைப் பார்த்து, ஒரு நாள் தங்கைக்கு எழுதினாள்: “காஹாங் பார்சல் வந்து இறங்கிடுச்சு. கையெழுத்துப் போட்டு வாங்கியாச்சு.”

லோஷினி சிரிப்பு முகங்களாக அனுப்பிக் குவித்தாள். அப்புறம் என்ன, மாதா மாதம் பார்சல்தான். பார்சல் வந்தது, பார்சல் சாப்பிட்டது, பார்சல் எப்போது கிளம்பும். பிரேமலா செய்த குற்றம் என்ன என்று கேட்டால், தொலைக்காட்சியைச் சத்தமாக வைப்பாள். காதருகே வைத்துப் பழகியவள். அவ்வளவுதான். வருகிறபோதெல்லாம் மரவள்ளியும் நெத்திலிச் சம்பலும் கொண்டுவருவாள். அந்தச் சம்பலைச் சாப்பிட்டுக்கொண்டே ஷாமளா தங்கைக்குச் செய்தி அனுப்பியதும் உண்டு.

இரண்டாம் பதிப்பைச் சோதித்துப் பார்க்க ஷாமளா முதலில் தன் கைப்பேசியில்தான் போட்டாள். பழைய கோப்புகளையும் அது ஒன்றுவிடாமல் தேடிப் பிடித்துப் பெயர் மாற்றியது. மேலாகச் சிலவற்றைப் பார்த்து அவளுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. மருத்துவமனைக் கோப்புறையைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

அடுத்த ஊசிக்கு மூர்த்திக்குத் தொழிற்சாலையில் விடுப்பு கிடைக்கவில்லை. ஷாமளாதான் பிரேமலாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். கண் பிரிவின் காத்திருப்புக் கூடம் நிரம்பி வழிந்தது. தாதி வந்து, போன மாதக் குறிப்பைக் கேட்டாள். பிரேமலா ஒரு சின்னப் பெருமையோடு கைப்பேசியை எடுத்து, சத்தத்தைக் கூட்டி, கோப்புறையைத் தொட்டாள்.

“காஹாங் பார்சல், கண் ஊசி, ஜூன்,” என்றது கைப்பேசி.

பிரேமலா விரலை நகர்த்தினாள்.

“காஹாங் பார்சல், இரத்தப் பரிசோதனை.”

இன்னும் நகர்த்தினாள்.

“காஹாங் பார்சல், டாக்டர் கடிதம்.”

எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் சிரித்தார். “என்னாக்கா, பஸ்ஸுல பார்சல் அனுப்புற வியாபாரமா?”

கூடத்தில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து சிரித்தார்கள். கேலி ஒன்றும் இல்லை, காத்திருந்து சலித்த மனிதர்கள் கிடைத்ததற்குச் சிரித்தார்கள்.  என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று ஷாமளாவுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. அந்த விதியை எழுதியவளே அவள்தானே. உரையாடலில் இருந்த பார்சலையும், நாள்காட்டியில் இருந்த ஊசியையும், காகிதத்தில் இருந்த தேதியையும் செயலி ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்து, இந்தப் பார்சல் இந்த மனுஷிதான் என்று கண்டுபிடித்திருந்தது. சொல்லிக் கொடுத்தபடி ஒழுங்காக வேலை செய்திருந்தது.

பிரேமலா அவள் பக்கம் திரும்பினாள். “ஷாமளா, யாரு இது காஹாங் பார்சல்?”

அப்போதாவது அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

“அது... சிஸ்டம் தப்பு அண்ணி. ஏதோ பார்சல் மெசேஜ எடுத்துப் போட்டுருச்சுபோல. புதுசுதானே, இப்படித்தான் எதையாச்சும் உளறும்.”

“ஓ,” என்றாள் பிரேமலா. கைப்பேசியை அணைத்துக் கைப்பைக்குள் வைத்தாள். பைக்குள் துழாவி, மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்துத் தாதியிடம் நீட்டினாள். “முன்ன நல்லா இருந்துச்சு. என் பேரச் சொல்லும்,” என்றாள், யாரிடமும் சொல்லாததுபோல்.

அன்றைக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்ததிலிருந்து காஹாங் திரும்பும்வரை பிரேமலா தொலைக்காட்சியைப் போடவே இல்லை.

அடுத்த மாதம் அவள் வரவில்லை. நாற்றங்காலில் கன்று மாற்றி நடுகிற நேரம், விடுப்புக் கேட்க முடியாது என்று தம்பியிடம் தொலைபேசியில் சொன்னாள். அதற்கடுத்த வாரம் கேட்டபோது காய்ச்சல் என்றாள். மூர்த்திக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“ஊசிய விடக் கூடாதுன்னு டாக்டர் அவ்வளவு சொன்னாரு. அக்கா பயப்படற ஆளு இல்லையே! நான் ஏதாச்சும் சொல்லிட்டேனா ஷாமளா? போன தடவ பஸ் ஸ்டேஷனுக்கு லேட்டா போனேன், அதுக்குக் கோவமா?”

“இருக்கலாம்,” என்றாள் ஷாமளா.

இருக்கலாம்! கட்டிய கணவன் தன்னையே நொந்துகொண்டு உட்கார்ந்திருக்க, இவள் வாயிலிருந்து வந்த சொல் அதுதான். சொன்ன பிறகு சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். தன்னைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஒரு கண் போகப்போகிறது, தன் வாய்க் கொழுப்பால் போகப்போகிறது என்று தெரிந்தும் வாயைத் திறக்கப் பயமாக இருந்தது.

கோப்புகளின் பெயரை அவள் அன்றைக்கே கையால் மாற்றிவிட்டிருந்தாள். ஆனால் செயலியை அப்படியே வெளியிட முடியாது. வாராந்திரக் கூட்டத்தில் விஷயத்தை எடுத்தாள். “ஒரு பயனருக்கு இப்படி ஆயிருக்கு,” என்று ஆரம்பித்து, நாத்தனார் என்றோ தான் என்றோ காட்டிக்கொள்ளாமல் பூசி மெழுகிச் சொன்னாள்.

விஜயன் விழுந்து விழுந்து சிரித்தார். “ஐயோ பாவம்லா! யாரு அந்தப் புண்ணியவதி? நோயாளிக்கு பார்சல்னு பேர் வச்சவ?”

எல்லோரும் சிரித்தார்கள். ஷாமளாவும் சிரித்தாள். காளிதாஸ் மட்டும் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான்.

தீர்வையும் காளிதாஸ்தான் சொன்னான். கோப்பு நம்மிடம் இருக்கும்வரை நாம் வைத்த பெயர். வெளியே போகும்போது மட்டும் மரியாதையான பெயர். நாம் பார்சல் என்றே பார்க்கலாம், அவர்களுக்கு அவர்களுடைய சொந்தப் பெயர் தெரியும். இதுவல்லவா புத்திசாலித்தனமான வடிவமைப்பு என்று விஜயன் பாராட்டினார். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. ஷாமளாவுக்கு மட்டும் காது சுட்டது. முகத்துக்கு நேரே அண்ணி, முதுகுக்குப் பின்னால் பார்சல். தான் இத்தனை காலம் கையால் செய்துகொண்டிருந்ததை இனிமேல் செயலி தானாகவே செய்யும். அவ்வளவுதானே இது?

அந்தச் சனிக்கிழமை அவள் தனியாகக் காரில் ஏறிக் காஹாங்குக்குப் போனாள். மூர்த்தியிடம் அண்ணியைப் பார்த்துப் பேசி அழைத்துவருகிறேன் என்றாள். அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்கச் சகிக்காமல் சட்டென்று கதவைச் சாத்திக்கொண்டாள். குளுவாங் நகரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனை. என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். எல்லா ஒத்திகையிலும் அவளே நல்லவளாக வந்து நின்றாள். அதனால் எதையும் வைத்துக்கொள்ள முடியவில்லை.

பிரேமலா கதவைத் திறந்தாள். யார் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் ஆனது. ஷாமளா குரல் கொடுத்த பிறகுதான் முகம் மாறியது.

“வா. மூர்த்தி வரலையா?”

“இல்ல அண்ணி. நான் மட்டும்தான்.”

பிரேமலா தேநீர் போட்டாள். சுடுநீரை ஊற்றும்போது கோப்பையின் விளிம்புக்குள் ஒரு விரலை மடக்கி வைத்துக்கொண்டாள். நீர் விரலில் பட்டதும் நிறுத்தினாள். போன மாதம்வரை அவள் அப்படிச் செய்ததில்லை. ஷாமளாவால் அந்த விரலைப் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

“அண்ணி, அன்னைக்கு நான் பொய் சொன்னேன்.”

“தெரியும்லா.”

“சிஸ்டம் தப்பு இல்ல. நான்தான்...”

“பார்சலுக்கு யாராச்சும் கண்ணுல ஊசி போடுவாங்களா?” என்றாள் பிரேமலா. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஷாமளாவுக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். “கண்ணுதான் மங்கிப்போச்சு ஷாமளா. காது நல்லாத்தான் இருக்கு. யாருகிட்ட சொல்லுவ அப்படி?”

“லோஷினிகிட்ட.”

“சிரிச்சாளா?”

இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரே ஒரு சொல், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஷாமளாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது அது.

“சிரிச்சா அண்ணி.”

“நீ?”

“நானும்தான்.”

பிரேமலா தலையை ஆட்டினாள். வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டு போனார்கள். 

“நான் அங்க வந்தா பாத்திரத்தக்கூட விடாமக் கழுவி வச்சிருவேன். ஏன் தெரியுமா? பாரமா இருக்கக் கூடாதுன்னு,” என்றாள் பிரேமலா.  முகத்தைத் திருப்பி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“மன்னிச்சிருங்க அண்ணி.” ஷாமளா அழுதுவிட்டாள். அழுவதற்கும் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றி அது இன்னும் வெட்கமாக இருந்தது.

“மூர்த்திக்குத் தெரியுமா?”

“தெரியாது. இன்னைக்குப் போய்ச் சொல்றேன்.”

“சொல்லாத. அவன் தாங்க மாட்டான். உனக்காகச் சொல்லல, அவனுக்காகச் சொல்றேன்.”

“நீங்க ஊசிக்கு வரணும் அண்ணி. அத மட்டுமாச்சும்...”

“வருவேன். கண்ணு என்னோடது. உன்னாலயா நான் குருடாகணும்?” பிரேமலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “காலையில பஸ் ஏறி வருவேன், ஊசி போட்டுக்கிட்டு சாயங்காலமே திரும்பிருவேன். உங்க வீட்டுல தங்க மாட்டேன். மூர்த்திகிட்ட லீவு இல்லன்னு சொல்லிக்கிறேன். நீ வேணும்னா ஆஸ்பத்திரிக்கு வா. ஊசி போட்டா பஸ்ஸு தெரியாது, ஏத்திவிட ஆளு வேணும்.”

ஷாமளா சரி என்றாள்.  எப்போதும் கொண்டுவந்து தருகிற சம்பலைப் புறப்படும்போது பிரேமலா கொடுத்தனுப்பவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில் காளிதாஸின் தீர்வை அவள் வேண்டாம் என்றாள். அடுத்தவர்களிடம் ஒருவரைப் பற்றிப் பேசுவதைச் செயலி தொடவே கூடாது. அந்த ஆளிடமே பேசும்போது எப்படி அழைக்கிறோமோ, அந்தப் பெயரை மட்டும்தான் அது எடுக்க வேண்டும். அவர்கள் காதில் விழக்கூடிய பெயர்தான் கோப்புக்குப் பெயர். விஜயன் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டார்.

“பார்சல்னு பேர் வச்சவ நான்தான்,” என்றாள் ஷாமளா.

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. விஜயன் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். சொன்னால் மனம் லேசாகும் என்று ஷாமளா நினைத்திருந்தாள். லேசாகவில்லை. சிரித்தவர்களுக்கெல்லாம் இப்போது ஆள் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பிரேமலா சொன்னபடியே வந்தாள். ஷாமளா பேருந்து நிலையத்தில் காத்திருந்து அழைத்துப் போனாள். வழியில் பிரேமலா பேசினாள், பேசாமல் இல்லை. மழை இல்லை, வெயில் அதிகம், நாற்றங்காலில் எலித் தொல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத பயணியிடம் பேசுவது மாதிரி மரியாதையாகப் பேசினாள்.

டாக்டர் கண்ணைப் பார்த்துவிட்டு, நழுவவிட்ட ஒரு மாதத்தில் கொஞ்சம் பார்வை குறைந்திருக்கிறது, குறைந்தது திரும்பாது, இனிமேலாவது விடக் கூடாது என்றார். பிரேமலா சரி என்றாள். ஷாமளாவின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் ஷாமளா எங்கே போய் ஒளிந்திருப்பாள்?

ஊசி போடும் அறையின் கதவருகே இளம் தாதி ஒருத்தி நின்றாள், மலாய்க்காரப் பெண். சொட்டு மருந்து விட்டதில் பிரேமலாவுக்கு எதிரே இருப்பது எதுவும் தெரியவில்லை. ஷாமளாதான் முழங்கையைப் பிடித்து நடத்திவந்தாள். உறவுக்காரர் ஒருவர் உள்ளே வந்து கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்றாள் தாதி. பிறகு ஷாமளாவைக் காட்டி, பிரேமலாவிடம் அன்பாகக் கேட்டாள்.

“இனி சியாப்பா, காக்? அனாக் கா?”

இவர் யார், மகளா என்று கேட்கிறாள்.  பிரேமலா மருந்து வழிந்த கண்ணை மூடிக்கொண்டு, யோசிப்பதுபோல் நின்றாள்.

“புக்கான்,” என்றாள். மகள் இல்லை. “கெனாலான்.”

தெரிந்தவர்.

ஷாமளாவுக்கு மலாய் நன்றாகவே வரும். நான் இவர் தம்பியின் மனைவி என்று சொல்ல அரை வாக்கியம்கூட வேண்டாம். தாதியும் அவள் முகத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் நின்றாள், ஏதாவது சொல்வாளோ என்று. சொல்ல ஷாமளாவுக்கு முகம் இல்லை. பிரேமலாவின் முழங்கையை விட்டாள். அந்தக் கையைத் தாதி வாங்கிக்கொண்டு உள்ளே அழைத்துப் போனாள்.

கதவு மூடியது. உறவுக்காரர்கள் மட்டும் என்று எழுதியிருந்த கதவுக்கு வெளியே, பிரேமலாவின் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உட்காரவும் தோன்றாமல் ஷாமளா நின்றாள்.